லேப்டாப் திரை இருண்டதா? மதர்போர்டுக்குப் பணம் கொடுக்குமுன் படியுங்கள்!

நிக்டி—

துக்காராம் மகராஜும் சிவாஜி மகராஜும் சந்திக்கும் சிலை நிற்கிற பக்தி-சக்தி சௌக்கைத் தெரியாத தமிழர் புனே பக்கத்தில் இருக்க முடியாது. பழைய மும்பை–புனே நெடுஞ்சாலையில் அந்தச் சிலையை ஒட்டிப் பரந்திருப்பதுதான் நிக்டி. பிம்ப்ரி, சிஞ்ச்வட், ஆகுர்டி தொழிற்சாலைகளை நம்பி வளர்ந்த ஊர். 1972ஆம் ஆண்டு அரசு அமைத்த 'பிராதிகரணம்' இங்கே மனை பிரித்துக் குடியிருப்புகளை உண்டாக்கியது.

ஃபிட்டராகவும் வெல்டராகவும் குமாஸ்தாவாகவும் வந்த தமிழர்களின் பிள்ளைகள் இன்று எஞ்சினீயரிங் கல்லூரிக்குப் போகிறார்கள். கல்லூரி என்றால் லேப்டாப் இல்லாமல் முடியாது. தவணையில் வாங்கியதோ, இன்னொருவர் உபயோகித்து விட்டுக் கொடுத்ததோ, வீட்டில் ஒரு லேப்டாப் இருக்கிறது.

இந்த லேப்டாப்புகளுக்கு 2025ஆம் ஆண்டு ஒரு சோதனை வந்தது. 'விண்டோஸ் 10' என்ற மென்பொருளுக்குத் தந்து வந்த பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் கம்பெனி அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திக் கொண்டது. அடுத்ததான 'விண்டோஸ் 11' எல்லா லேப்டாப்பிலும் ஏறாது. இன்டெல் சிப் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ இருக்க வேண்டும்; 'டி.பி.எம். 2.0' என்ற பாதுகாப்புச் சாதனமும் வேண்டும். இரண்டும் இல்லாத லேப்டாப், நன்றாக ஓடிக் கொண்டிருந்தாலும், கணக்குப்படி பழையதாகி விட்டது.

புதிது வாங்கப் பணம் இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. அதுதான் 'லினக்ஸ்'. காசு கொடுக்க வேண்டியதில்லை. பழைய மெஷினிலும் ஓடும். 'உபுண்டு', 'மின்ட்' என்று பல பெயர்களில் கிடைக்கிறது. ஆனால் லினக்ஸ் போட்ட சிலருக்கு ஒரு தொல்லை வருகிறது. லேப்டாப்பைத் திறந்தால் திரை இருட்டாகவே இருக்கிறது!

இப்படி ஒரு வீடு

நிக்டியில் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். மூன்றாம் ஆண்டு படிக்கும் மகன், நண்பன் துணையோடு உபுண்டு போடுகிறான். இரண்டு நாள் நன்றாக ஓடுகிறது. மூன்றாம் நாள் எதையோ மாற்றி விட்டு நிறுத்தி மறுபடி போடுகிறான். கம்பெனியின் பெயர் மட்டும் ஒரு கணம் மின்னி மறைகிறது. பிறகு ஒரே கறுப்பு.

"ஏன்டா, நல்லா இருந்த மெஷினைக் கெடுத்துட்டியே!" என்கிறார் தகப்பனார்.

"நான் ஒண்ணும் பண்ணலேப்பா. டிரைவர் தான் மாத்தினேன்" என்கிறான் பையன்.

ரிப்பேர் கடைக்குக் கொண்டு போகிறார்கள். கடைக்காரர் இரண்டு முறை போட்டுப் பார்த்து விட்டு, "பாவு, மதர்போர்டு கேலா" என்கிறார். 'மதர்போர்டு போய்விட்டது' என்று அர்த்தம். புதிது போடுவதென்றால் அந்தப் பழைய லேப்டாப்பின் விலையில் பெரும் பங்கு போய்விடும். தகப்பனார் ஓவர்டைம் பணத்தைக் கணக்குப் பார்க்கத் தொடங்குகிறார்.

கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று சொல்ல முடியாது. அவர் தினம் பார்ப்பது விண்டோஸ். லினக்ஸில் இருண்ட திரையைக் கண்டால், மெஷின் கெட்டதாகவே அவருக்குத் தோன்றும். ஆனால் இப்படி இருளும் திரைகளில் பல, எந்தப் பாகமும் கெடாமல் இருள்பவை. கெட்டது மெஷின் அன்று, பொருந்தாதது 'டிரைவர்'!

டிரைவர் என்பது யார்?

ரெயில்வேயில் ஒரு வழக்கம் உண்டு. எவ்வளவு அனுபவசாலியான லோகோ பைலட்டாக இருந்தாலும், புதிய பகுதியில் வண்டியை ஓட்டுமுன் அந்தப் பாதையைப் பழகிக் கொள்ள வேண்டும். எங்கே ஏற்றம், எங்கே வளைவு, எங்கே சிக்னல் என்று தெரிந்து கொண்டதாகக் கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகே அவர் கையில் வண்டி.

கம்ப்யூட்டரில் டிரைவர் என்பதும் அதுபோலத்தான். அது ஆள் அன்று. ஒரு சிறு மென்பொருள். திரையில் படம் வரையும் வேலைக்கென்று லேப்டாப்புக்குள் 'கிராஃபிக்ஸ் சிப்' ஒன்று இருக்கிறது. அந்தச் சிப்பின் ஏற்ற இறக்கம் தெரிந்த டிரைவர் இருந்தால்தான் லினக்ஸ் அதை ஓட்ட முடியும். தெரியாத டிரைவர் ஏறினால் வண்டி நின்றுவிடும். திரை இருளும்.

பல லேப்டாப்புகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. அவற்றில் கிராஃபிக்ஸ் சிப் ஒன்றல்ல, இரண்டு! இன்டெல் அல்லது ஏ.எம்.டி. கம்பெனியின் சிறிய சிப் ஒன்று. 'என்விடியா' கம்பெனியின் பெரிய சிப் ஒன்று.

இது ஏன் என்பது மும்பை போய் வருகிற நம்மவர்களுக்கு எளிதில் விளங்கும். மும்பையிலிருந்து வரும் வண்டி கர்ஜத் வரை ஓர் எஞ்சினோடு வருகிறது. அங்கிருந்து லோனாவலாவுக்கு மலை ஏற வேண்டும். 37 அடிக்கு ஓர் அடி உயரும் செங்குத்து. ஆகவே கர்ஜத்தில் வண்டியின் பின்னால் 'பாங்கர்' எஞ்சின்களைச் சேர்த்துத் தள்ளுகிறார்கள். மலை ஏறியதும் கழற்றி விடுகிறார்கள்.

லேப்டாப்பிலும் அதே ஏற்பாடுதான். கடிதம் அடிப்பது, சினிமா பார்ப்பது போன்ற சமவெளி வேலைக்குச் சிறிய சிப். விளையாட்டு, பெரிய படம் வரைதல் போன்ற மலை வேலைக்கு என்விடியா. இதனால் பேட்டரி மிச்சமாகிறது. 'ஆப்டிமஸ்' என்ற பெயரில் என்விடியா இதை 2010ஆம் ஆண்டு கொண்டு வந்தது. பெரிய சிப் வரைந்த படமும் பெரும்பாலும் சிறிய சிப் வழியாகவே லேப்டாப் திரைக்கு வருகிறது. இரண்டு எஞ்சின் டிரைவர்களும் ஒத்துப் போகாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வம்பு தொடங்கியது எங்கே?

லினக்ஸை ஆக்கியவர் ஃபின்லாந்து நாட்டுக்காரரான லைனஸ் டோர்வால்ட்ஸ். 1991ஆம் ஆண்டு, ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது இதைத் தொடங்கினார். இதன் உள் எழுத்துகளை யாரும் படிக்கலாம், திருத்தலாம். டிரைவர்களும் அப்படித் திறந்த எழுத்தாக இருந்தால் லினக்ஸோடு சேர்ந்தே வந்துவிடும்.

இன்டெல் கம்பெனி தன் டிரைவரை அப்படியே திறந்து கொடுத்தது. ஏ.எம்.டி. கம்பெனி 2006இல் ஏ.டி.ஐ. என்ற கம்பெனியை வாங்கியது. மறு ஆண்டே சிப்பின் விவரங்களை வெளியிடத் தொடங்கியது. ஆகவே இந்த இரண்டு சிப் உள்ளவர்களுக்குத் தனியாக டிரைவர் தேட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை.

என்விடியா தன் டிரைவரைப் பல ஆண்டுகள் பூட்டியே வைத்திருந்தது. வெளியாட்கள் சிலர் சிப் எப்படி வேலை செய்கிறது என்று தாங்களே ஆராய்ந்து 'நூவோ' என்ற டிரைவரை எழுதினார்கள். ஃப்ரெஞ்சு மொழியில் 'புதியது' என்று பொருள். 2010இல் அது லினக்ஸின் கருவோடு சேர்க்கப்பட்டது. 2012 ஜூன் மாதம் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் பேசிய டோர்வால்ட்ஸ், என்விடியாவைப் பகிரங்கமாகவே கடும் வார்த்தையால் திட்டினார். அவரை அந்த அளவுக்கு நோகடித்த விஷயம் இது!

2022 மே மாதம்தான் என்விடியா தன் டிரைவரின் ஒரு பகுதியைத் திறந்து விட்டது. அதுவும் புதிய சிப்புகளுக்கு மட்டும். இந்தக் கம்பெனிக்குப் புனேயிலும் அலுவலகம் உண்டு என்பது குறிப்பிடத்தக்கது.

முதலில் நோயைத் தெரிந்து கொள்ளுங்கள்

கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே நான்கு சோதனைகள் செய்யலாம். ஸ்குரூ டிரைவர் வேண்டியதில்லை.

ஒன்று: லேப்டாப்பைப் போட்டதும் கம்பெனியின் பெயர் தெளிவாகத் தெரிகிறதா? பிறகுதான் இருள்கிறதா? அப்படியானால் திரையும் அதற்குப் போகும் ஒயரும் வேலை செய்கின்றன. சந்தேகம் டிரைவர் மேல் விழுகிறது. மாறாக, போட்ட கணத்திலேயே கோடு கோடாகவோ, புள்ளி புள்ளியாகவோ வந்தால் பாகம் கெட்டிருக்கக் கூடும்.

இரண்டு: இருண்ட திரையின் மேல் டார்ச் விளக்கைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். உள்ளே படம் மங்கலாகத் தெரிந்தால், படம் வருகிறது, பின்னால் இருக்கும் வெளிச்சம்தான் வரவில்லை என்று அர்த்தம். வெளிச்சத்தைக் கூட்டும் பட்டனை முதலில் அழுத்திப் பாருங்கள். அதிலேயே தீர்ந்தாலும் தீரும்.

மூன்று: பழைய விண்டோஸும் அதே மெஷினில் இருந்தால் அதற்குள் போய்ப் பாருங்கள். அங்கே எல்லாம் ஒழுங்காக இருந்தால் மதர்போர்டைக் குறை சொல்ல இடமில்லை.

நான்கு: இதுதான் முக்கியம். ஒரு பென் டிரைவில் உபுண்டுவை ஏற்றி, அதிலிருந்தே லேப்டாப்பைக் கிளப்பலாம். உள்ளே எதையும் அழிக்காமல் 'சும்மா பார்க்கிறேன்' என்று சொல்லும் வசதி அதில் உண்டு. முதல் பட்டியலில் 'சேஃப் கிராஃபிக்ஸ்' என்று ஒரு வரியும் இருக்கும். அதைத் தேர்ந்து திரை நன்றாக வந்தால், திரையும் மதர்போர்டும் பெரும்பாலும் நலம். அந்த நிலையிலேயே பிள்ளையின் பிராஜெக்ட், குடும்பப் படங்கள் எல்லாவற்றையும் வேறொரு பென் டிரைவில் எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். மெஷினைச் சரி செய்வது அப்புறம்.

உள்ளே நுழையும் வழி

லேப்டாப்பைப் போட்டு, கம்பெனிப் பெயர் மறையும்போது 'எஸ்கேப்' பட்டனை ஒரு முறை தட்ட வேண்டும். பழைய மெஷின் என்றால் 'ஷிஃப்ட்' பட்டனைப் பிடித்துக் கொள்ள வேண்டும். ஒரு பட்டியல் வரும். முதல் வரியில் உபுண்டு என்று இருக்கும். அங்கே ஆங்கில 'இ' எழுத்தைத் தட்டினால் சில வரிகள் தெரியும்.

அவற்றில் 'லினக்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லில் தொடங்கும் வரியின் கடைசிக்குப் போங்கள். அங்கே 'க்வயட் ஸ்பிளாஷ்' என்று இருக்கும். அதை அடுத்து ஓர் இடைவெளி விட்டு, 'நோ', 'மோட்', 'செட்' என்ற மூன்று ஆங்கிலச் சொற்களையும் சின்ன எழுத்தில் ஒன்றாகச் சேர்த்து அடியுங்கள். பிறகு 'எஃப் 10' பட்டன்.

இதன் பொருள், 'திரையை நீயாக மாற்றி அமைக்காதே, வந்தபடியே வை' என்று லினக்ஸுக்குச் சொல்வது. பொருந்தாத டிரைவர் ஒதுங்கிக் கொள்ளும். பல மெஷின்களில் திரை வந்துவிடும். எழுத்துகள் பெரிதாக இருக்கும். படம் மெதுவாக நகரும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கவும் முடியாமல் போகலாம். பயப்பட வேண்டியதில்லை. இது முதலுதவிதான். அடுத்த முறை போடும்போது இந்தச் சொல் தானாகப் போய்விடும். இதையே நிரந்தரமாக வைத்துக் கொண்டு காலம் தள்ளக் கூடாது.

சரியான டிரைவரை ஏற்றுதல்

உள்ளே போனதும் இன்டர்நெட் வேண்டும். வைஃபை இல்லாவிட்டால் செல்போனை ஒயரால் இணைத்தும் எடுக்கலாம். உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்' என்று ஒரு பகுதி உண்டு. அதைத் திறந்தால் உங்கள் மெஷினில் உள்ள சிப்பின் பெயரும், அதற்குப் பொருந்தும் டிரைவர்களின் பட்டியலும் வரும். 'டெஸ்டட்', அதாவது சோதித்துப் பார்த்தது, என்று குறிப்பிட்டிருப்பதையே தேர்ந்தெடுங்கள்.

பலர் செய்யும் தவறு இங்கேதான். கம்பெனியின் இணையதளத்திலிருந்து டிரைவரை நேரே இறக்கிப் போட்டு விடுகிறார்கள். அன்று ஓடும். லினக்ஸின் கரு அடுத்த முறை புதுப்பிக்கப்படும்போது, கையால் போட்ட டிரைவர் பின்தங்கி விடும். திரை மறுபடி இருளும். உபுண்டுவின் பட்டியலில் இருந்து எடுத்ததோ கருவோடு சேர்ந்து புதுப்பிக்கப்படுகிறது.

கேட் பாஸ் விவகாரம்

புதிய லேப்டாப்புகளில் 'செக்யூர் பூட்' என்று ஒரு காவல் உண்டு. தொழிற்சாலை வாசலில் பாஸ் இல்லாத ஆளை வாட்ச்மேன் விடமாட்டார் அல்லவா? அதுபோல, முத்திரை இல்லாத டிரைவரை இந்தக் காவல் உள்ளே விடாது.

ஆகவே என்விடியா டிரைவரை ஏற்றும்போது உபுண்டு உங்களிடம் ஒரு பாஸ்வேர்டு கேட்கக் கூடும். அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள். மெஷினை நிறுத்திப் போட்டதும் நீல நிறத்தில் ஒரு திரை வரும். சில விநாடிகளே காத்திருக்கும். அதற்குள் ஒரு பட்டனைத் தட்டி, 'என்ரோல் மாக்' என்ற வரியைத் தேர்ந்து, எழுதி வைத்த பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும்.

இந்த நீலத் திரையைக் கண்டு பதறி, 'கன்டினியூ' என்று தட்டிக் கடந்து விடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் டிரைவர் வீட்டில் இருக்கும். வேலைக்கு மட்டும் வராது! வெளியே இணைக்கும் டி.வி. அல்லது மானிட்டரில் படம் வராமல் போவதற்கும் இது ஒரு காரணம். பல லேப்டாப்புகளில் அந்த இணைப்பு என்விடியா சிப்போடு சேர்க்கப்பட்டிருக்கிறது.

டிரைவர் வேலைக்கு வந்ததா என்று பார்க்க 'செட்டிங்ஸ்' பகுதியில் 'அபௌட்' என்ற இடத்தைத் திறவுங்கள். 'கிராஃபிக்ஸ்' என்ற வரியில் உங்கள் சிப்பின் பெயர் இருந்தால் நல்லது. 'எல்.எல்.வி.எம்.பைப்' என்று இருந்தால், கிராஃபிக்ஸ் சிப் சும்மா இருக்கிறது, அதன் வேலையையும் பிராசஸரே இழுக்கிறது என்று அர்த்தம். மெஷின் சூடாவதும் மெதுவாவதும் அதனால்தான்.

நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை!

புதுப்பித்த மறுநாள் திரை இருண்டால் வேறொரு சுலபமான வழி உண்டு. முன்பு சொன்ன அதே பட்டியலில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்ற வரிக்குள் போங்கள். லினக்ஸின் பழைய கருவும் அங்கே பத்திரமாக இருக்கும். அதைத் தேர்ந்தால் நேற்று ஓடியபடியே ஓடும். டிரைவரைப் பிறகு நிதானமாகச் சரி செய்து கொள்ளலாம்.

பழைய லேப்டாப்பை வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய சிப்புகளை என்விடியா ஒவ்வொன்றாகக் கைகழுவி வருகிறது. 'ஜீஃபோர்ஸ்' 400, 500 வரிசையைச் சேர்ந்த பல சிப்புகளுக்கான 390ஆம் எண் டிரைவர் 2022 முடிவோடு நின்றுவிட்டது. 600, 700 வரிசையில் பலவற்றுக்கு உதவிய 470ஆம் எண் டிரைவருக்கு 2024இல் முடிவு வந்தது. 900, 1000 வரிசைகளுக்கு 580ஆம் எண்ணே கடைசி என்று 2025இல் சொல்லி விட்டார்கள். இத்தகைய மெஷினில் என்விடியாவை மறந்து விட்டு, இன்டெல் சிப்பையோ நூவோ டிரைவரையோ நம்பி ஓட்டுவதே நிம்மதி. கல்லூரிப் பாடத்துக்கும் கடிதத்துக்கும் அது போதும்.

மெஷினே கெடுவதும் உண்டு

எல்லாக் கோளாறுக்கும் டிரைவரே காரணம் என்று சொல்லி விட முடியாது. 2008 ஜூலையில் என்விடியா கம்பெனியே தன் லேப்டாப் சிப்புகள் சில பழுதாவதாக ஒப்புக் கொண்டு, 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. சூடேறி ஆறி, சூடேறி ஆறி, சிப்பின் பற்றவைப்பு விட்டுப் போன கதை அது. பென் டிரைவிலிருந்து கிளப்பியும் கோடுகள் வந்தால், கம்பெனிப் பெயரே தெரியாவிட்டால், கடைக்காரர் சொல்வது உண்மையாக இருக்கலாம்.

லினக்ஸும் எல்லாருக்கும் ஏற்றதன்று. ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் போன்ற வரைபட மென்பொருளைப் படிக்கிற மெக்கானிகல் மாணவருக்கு விண்டோஸ் வேண்டும். அவை லினக்ஸுக்கென்று வருவதில்லை. கம்ப்யூட்டர் பாடம் படிக்கிறவருக்கோ லினக்ஸ் தெரிந்திருப்பது வேலைக்கே உதவும்.

நம்மவர்களுக்கு லினக்ஸ் அந்நியமான விஷயமும் அன்று. 1988இல் புனேயில் தொடங்கப்பட்ட சி-டாக் நிறுவனத்தின் சென்னைக் கிளைதான் 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸை உருவாக்கியது. தமிழ்நாட்டு அரசு 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு சேர்த்து அந்தப் 'பாஸ்' லினக்ஸும் அதில் போடப்பட்டிருந்தது. ஊரில் தங்கை மகன் வைத்திருக்கும் பழைய லேப்டாப்பில் அது இன்னும் இருந்தாலும் இருக்கும்.

கடையில் என்ன கேட்பது?

கடைசியாக, கடைக்குப் போயே ஆக வேண்டும் என்றால், மூன்று விஷயங்களை மறக்காதீர்கள்.

பென் டிரைவில் உபுண்டுவை எடுத்துப் போய், உங்கள் கண் முன்னே அதிலிருந்து கிளப்பிக் காட்டச் சொல்லுங்கள். மெஷினை அழித்து மறுபடி விண்டோஸ் போடுவதாகச் சொன்னால், உள்ளே இருக்கும் பிராஜெக்ட்டை முதலில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். மதர்போர்டு மாற்றியே தீர வேண்டும் என்றால் பில் வாங்குங்கள். கழற்றிய பழைய போர்டையும் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள்.

இந்த நான்கு சோதனைகளுக்கும் ஆகும் செலவு, ஒரு பென் டிரைவும் ஒரு மாலைப் பொழுதும். கடைக்காரர் கேட்கும் தொகையோ ஒரு மாத ஓவர்டைம். எதை முதலில் செலவழிப்பது என்பதை வீட்டில் கூடிப் பேசி முடிவு செய்யுங்கள்.